ஆட்சேபணை இல்லை

உட்காருங்கள், வக்கீலம்மா. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதில் உட்காருங்கள். காப்பி கீப்பி ஒன்றும் கிடையாது, மருமகள் வேலைக்குப் போயிருக்கிறாள். கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். எனக்கு எண்பத்தொன்று. அதிக நேரம் உட்கார்ந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

சங்கத்திலிருந்து போன் வந்தது. பதினாலாம் தேதி வக்கீல் சங்கத்தில் எங்கள் அய்யா படத்தைத் திறக்கிறார்கள், வாழ்க்கைக் குறிப்பு வேண்டும் என்றார்கள். சரி என்றேன். அவரிடம் முப்பத்தேழு வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். என்னை விட்டால் யார் சொல்ல முடியும்? அப்புறம்தான் மெள்ள இன்னொன்றையும் சொன்னார்கள். அந்தச் சீனியம்மாள் தலைவரிடம் மனு கொடுத்திருக்கிறாளாம். எங்கள் வழக்கை நடுத்தெருவில் விட்ட ஆள், அவர் படத்தை மாட்டக் கூடாது என்று. செயற்குழு கூடி முடிவு செய்யப்போகிறதாம். அதற்குத்தானே வந்திருக்கிறீர்கள்? வாழ்க்கைக் குறிப்பெல்லாம் ஒரு சாக்கு.

பரவாயில்லை. இரண்டையும் சொல்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள். நடுவில் பேசாதீர்கள், எனக்கு விட்டுப்போகும்.

அய்யா பெயர் பிறவிப்பெருமாள். பிறந்த தேதி சங்கப் பதிவேட்டில் இருக்கும். அப்பா தீப்பெட்டி ஆபீசில் கணக்குப்பிள்ளை. மகனை மெட்ராசுக்கு அனுப்பிச் சட்டம் படிக்கவைத்தார். படித்துவிட்டு வந்து இரண்டு வருஷம் கோர்ட் வராந்தாவில் நின்றார். சும்மா நின்றார். ஆள் குட்டை, கறுப்பு. பின்னால் யாரும் கிடையாது. எவன் வழக்குக் கொடுப்பான்?

அப்புறம் ஒரு லாக்கப் வழக்கு வந்தது. ஒரு வண்டிக்காரனை ஸ்டேஷனில் வைத்து மூன்று விரலை உடைத்துவிட்டார்கள். பெரிய வக்கீல்கள் யாரும் தொடவில்லை. இவர் எடுத்தார். இன்ஸ்பெக்டரைக் கூண்டில் ஏற்றி ஒன்றரை மணி நேரம் கேட்டார். ஒரு இடத்திலும் குரலை உயர்த்தவில்லை. கடைசியில் இன்ஸ்பெக்டர் தண்ணீர் கேட்டான். அதைப் பார்க்க அன்றைக்குச் சந்தைக்கு வந்த சனம் முழுக்கக் கோர்ட்டுக்குள் நின்றது. மறுநாளிலிருந்து ஆபீசில் கால் வைக்க இடமில்லை.

அந்த வருஷம்தான் நான் சேர்ந்தேன். அவர் வழக்குக் கட்டைப் பிரித்துப் படிக்க மாட்டார். நான் வாசிப்பேன், அவர் அறைக்குள் நடப்பார். பிராது, எதிர்மனு, சாட்சி எல்லாம் என் வாயால்தான் அவர் காதுக்குப் போகும். ஒரு தடவை கேட்டால் போதும். அப்படிப்பட்ட மூளை. அதை எழுதுங்கள்.

இன்னொன்றும் எழுதுங்கள். எங்கள் ஆபீசுக்குள் வந்த கட்டு வேறு ஆபீசுக்குப் போனது கிடையாது. கட்சிக்காரன் கோபித்துக்கொண்டு வருவான், கட்டைக் கொடு, வேறு வக்கீல் பார்த்துக்கொள்கிறேன் என்பான். நான் உட்காரவைத்துப் பேசுவேன். ஒரு வாரம் இழுப்பேன். ஒரு மாதம் இழுப்பேன். தானாக அடங்கிவிடுவான். அது என் பொறுப்பு. அய்யா அதிலெல்லாம் தலையிட மாட்டார். கட்டு வெளியே போவது ஒரு ஆபீசுக்கு எவ்வளவு கேவலம் என்று உங்கள் காலத்து ஆட்களுக்குத் தெரியாது.

சரி. இருநூற்றுப் பதினாலு.

அசல் வழக்கு எண் இருநூற்றுப் பதினாலு. மில்லுக்குப் பின்னால், கண்மாய்க் கரையடியில், முப்பத்தெட்டு வீடு. தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற சனம். பாட்டன் காலத்திலிருந்து இருக்கிறோம் என்பது அவர்கள் கட்சி. கிரயம் வாங்கியாயிற்று, பத்திரம் இருக்கிறது என்பது மில்காரர் கட்சி. ஒரு நாள் காலையில் மில்லிலிருந்து ஆட்கள் வந்து வீட்டுச் சுவரில் சுண்ணாம்பால் நம்பர் போட்டுவிட்டுப் போனார்கள். இடிப்பதற்கு. அன்றைக்கே இந்தச் சீனியம்மாள் வந்தாள். இருபத்தெட்டு வயசு இருக்கும். பின்னால் இருபது பொம்பளைகள். அய்யா கேட்டார், ஆம்பிளைகள் எங்கே என்று. இவள் சொன்னாள், "அவுக வந்தா அடிச்சுக்கிட்டு ஜெயிலுக்குப் போவாக. நாங்க வந்தா கேஸு நடக்கும்."

அய்யா சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு.

சாயங்காலத்துக்குள் தடை வாங்கிவிட்டார். வழக்கு முடியும்வரை வீட்டைத் தொடக் கூடாது என்று. உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் செயற்குழுவில் எல்லாரும் கவனமாகக் கேட்க மாட்டார்கள், அதனால் தெளிவாக எழுதுங்கள். வழக்கு இருக்கிறவரை தடை இருக்கும். தடை இருக்கிறவரை வீடு இருக்கும். பத்திரம் அவர்களிடம் கிடையாது, தீர்ப்பு வந்தால் எப்படிப் போகுமோ. அதனால் எங்கள் வேலை வாய்தா வாங்குவது. ஒவ்வொரு வாய்தாவும் அந்தச் சனத்துக்கு இரண்டு மாதம் கூரை. இதை அய்யா ஒரே ஒரு தரம் சொன்னார். மீதியை நான் பார்த்துக்கொண்டேன். ஆறு வருஷம்.

அதற்குள் தேர்தல் வந்தது. அய்யாவுக்குச் சீட்டு கொடுத்தார்கள். எந்தக் கட்சி என்றெல்லாம் வேண்டாம், சங்கத்தில் எல்லாக் கட்சியும் இருக்கிறது. கரையடிக் குடியிருப்பில் ஒரு சுவர் பாக்கியில்லை, சின்னத்தை வரைந்துவிட்டார்கள். மில்காரன் போட்ட சுண்ணாம்பு நம்பருக்கு மேலேயே வரைந்தார்கள். சீனியம்மாள் வேன் மேலே நின்று மைக்கில் பேசினாள். "எங்க வீட்டைக் காப்பாத்துனவர்"தான் பேச்சு, வேறு ஒன்றும் பேசத் தெரியாது. அது போதுமாக இருந்தது. ஜெயித்தார். டெல்லிக்குப் போனார்.

அங்கே என்ன செய்தார் என்று கேட்பீர்கள். ரயில்வே கேட்டில் மேம்பாலம் அவர் கொண்டுவந்தது. தீப்பெட்டிப் பிள்ளைகளுக்கு ராத்திரிப் பள்ளிக்கூடம். தொழிலாளர் குழு ஒன்றில் உறுப்பினர். வாரம் ஒரு கடிதம் எனக்கு எழுதுவார். வழக்கு விவரம் எழுதுவேன், பதில் வரும். நாளாக ஆக இரண்டு வாரத்துக்கு ஒன்று. அப்புறம் மாதம் ஒன்று. வேலை அதிகம். ஜூனியர் ஒருவன் இருந்தான், மாஜிஸ்திரேட் பரீட்சை எழுதிப் போய்விட்டான். ஆபீசில் நான் மட்டும்.

நான் மட்டும் என்றால் சாதாரணமில்லை. வாசலில் எப்போதும் முப்பது பேர். ரயில் டிக்கெட்டுக்குக் கடிதம், பள்ளிக்கூட சீட்டுக்குக் கடிதம், காஸ் கனெக்‌ஷனுக்குக் கடிதம். தாசில்தார் எழுந்து நின்று பேசுவார் என்னிடம். அது இருக்கட்டும்.

வாய்தாவுக்கு ஒன்றும் கஷ்டமில்லை. பக்கத்து ஆபீஸ் வக்கீல் எழுந்து, "சீனியர் டெல்லியில் இருக்கிறார், கூட்டத்தொடர் நடக்கிறது" என்பார். ஜட்ஜ் தலையாட்டுவார். முடிந்தது. ஒன்பது வாய்தா அப்படி வாங்கினேன், அய்யா கோர்ட் படியில் கால் வைக்காமல். வேறு எந்தக் குமாஸ்தா வாங்குவான்?

அப்புறம் புது ஜட்ஜ் வந்தார். சின்ன வயசு. பத்தாவது வாய்தாவுக்கு எழுந்தபோது கட்டை மூடிவிட்டுக் கேட்டார். டெல்லியில் இருப்பவருக்கு இங்கே எதற்கு வக்காலத்து என்று. கடைசி வாய்ப்பு, பதினோராம் தேதி, அன்றைக்கு வக்கீல் நின்றால் வழக்கு, இல்லாவிட்டால் தள்ளுபடி என்று எழுதிவிட்டார்.

சீனியம்மாள் வராந்தாவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பதற்றம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காமல் நேரே எதிர்த்தெரு ஞானமுத்து வக்கீலிடம் போய்விட்டாள். யார் அந்த ஞானமுத்து? தேர்தலில் எதிர்க்கட்சிக்கு வேலை பார்த்தவன். சங்கத் தேர்தலில் அய்யாவிடம் தோற்றவன். அவன் சரி என்றுவிட்டான். ஆனால் முறை இருக்கிறதே. முந்தின வக்கீல் புது வக்காலத்தில் 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அது இல்லாமல் எந்த வக்கீலும் இன்னொருவர் கட்டைத் தொட மாட்டான். ஞானமுத்துவும் தொடவில்லை. அந்த அளவுக்கு அவன் மரியாதை தெரிந்தவன், ஒத்துக்கொள்கிறேன்.

மறுநாள் என்னிடம் வந்தாள். "அய்யா, கட்டைக் குடுத்திருங்க. ஞானமுத்து வக்கீல் பாக்கேங்காரு. பெரியவுக ஒரு கையெழுத்துப் போட்டாப் போதுமாம்."

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவரை எம்.பி. ஆக்கிய சனம். ஊரறிந்த கட்டு. அது எதிர்த்தெருவுக்குப் போனால் டீக்கடையில் என்ன பேசுவான்? ஏழை வழக்கைக் கைகழுவிவிட்டான், பதவி வந்ததும் மறந்துவிட்டான் என்பான். அடுத்த தேர்தலில் ஞானமுத்துவே மேடை போட்டுச் சொல்வான். ஆறு வருஷம் நாங்கள் காப்பாற்றிய வீட்டை அவன் ஒரு நாள் எழுந்து நின்று காப்பாற்றியதாகப் பேர் வாங்குவான். நான் சொன்னேன், அய்யாவுக்கு எழுதிக் கேட்கிறேன் என்று. அனுப்பிவிட்டேன்.

நான் எழுதவில்லை. எதற்கு அவரைத் தொந்தரவு செய்ய வேண்டும்? ஆனால் இவள் விவரமானவள். பள்ளிக்கூட வாத்தியாரைப் பிடித்து இவளே டெல்லிக்கு எழுதிவிட்டாள். புது வக்காலத்தையும் உள்ளே வைத்து அனுப்பியிருக்கிறாள். எட்டே நாளில் பதில் வந்தது, எனக்கு, ரிஜிஸ்டர் தபாலில். வக்காலத்தில் அய்யா கையால், 'ஆட்சேபணை இல்லை. பிறவிப்பெருமாள்.' கூட ஒரு துண்டுக் கடிதம். 'பதினோராம் தேதி எனக்கு அவையில் பேச்சு இருக்கிறது, வர முடியாது. சீனியம்மாள் கேட்பது நியாயம். கட்டை உடனே ஞானமுத்துவிடம் கொடுத்துவிடும். தாமதிக்க வேண்டாம்.'

அது வந்தது நாலாம் தேதி.

இருங்கள், என்ன பார்க்கிறீர்கள்? எழுதுங்கள். இதைத்தான் சொல்ல வந்தேன். அவர் வழக்கைக் கைவிட்டார் என்கிறாளே, எங்கே கைவிட்டார்? கேட்ட எட்டாம் நாள் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறார். இதைவிட ஒரு வக்கீல் என்ன செய்வான்?

ஐந்தாம் தேதி வந்து கேட்டாள். டெல்லியிலிருந்து இன்னும் வரவில்லை என்றேன். எட்டாம் தேதி வந்தாள். வரவில்லை என்றேன். பத்தாம் தேதி வாசலிலேயே உட்கார்ந்துகொண்டாள். காஸுக்கு வந்தவன், டிக்கெட்டுக்கு வந்தவன் எல்லாரும் பார்க்கிறான். நான் வெளியே வந்ததும் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொன்னாள், "டெல்லிக்குப் போன ரயிலு ஏழு தடவ திரும்பி வந்துட்டு. அந்தக் காயிதம் மட்டும் நடந்து வருதாக்கும்."

சிரித்தான்கள். என் வாசலில் நின்றுகொண்டு சிரித்தான்கள். அதோடு எனக்கு இறுகிவிட்டது. இல்லாவிட்டால் ஒருவேளை கொடுத்திருப்பேனோ என்னவோ. தெரியாது. பேச்சைக் குறைத்திருக்கலாம் அவள்.

என்னிடம் வேறு ஏற்பாடு இருந்தது. சும்மா இருக்கவில்லை நான். பக்கத்து ஆபீஸ் வக்கீலிடம் கெஞ்சி, இன்னும் ஒரே ஒரு வாய்தா கேளுங்கள் என்று சொல்லிவைத்திருந்தேன். கேட்டால் ஜட்ஜ் கொடுத்துவிடுவார் என்று நினைத்தேன். எம்.பி. இல்லையா? யாரும் நினைப்பான்.

பதினோராம் தேதி காலை பதினொன்றே காலுக்கு வழக்கைக் கூப்பிட்டார்கள். பக்கத்து ஆபீஸ் வக்கீல் எழுந்தார். வாயைத் திறக்கும் முன்னே ஜட்ஜ் கேட்டார், உங்களிடம் வக்காலத்து இருக்கிறதா? இல்லை. உட்காருங்கள். டவாலிச் சேவகனைப் பார்த்துக் கூப்பிடச் சொன்னார். டவாலி வாசலுக்கு வந்து மூன்று தடவை கூப்பிட்டான். சீனியம்மாள் தரப்பு வக்கீல் பிறவிப்பெருமாள், பிறவிப்பெருமாள், பிறவிப்பெருமாள்.

நான் வாசற்படியில் நிற்கிறேன். கட்டு என் கக்கத்தில். கட்டுக்குள் அந்த வக்காலத்து. எதற்கும் இருக்கட்டும் என்றுதான் எடுத்து வந்திருந்தேன். குமாஸ்தா கோர்ட்டுக்குள் வாய் திறக்கக் கூடாது, அது உங்களுக்குத் தெரியும். ஞானமுத்து முதல் வரிசையில் இருந்தான். திரும்பி என்னைப் பார்த்தான். கையை நீட்டவில்லை. ஆனால் பார்த்தான். நாலு எட்டு வைத்தால் அவன் மேஜை. சீனியம்மாள் எனக்குப் பின்னால், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு. மூன்று கூப்பாடு எவ்வளவு நேரம் இருக்கும்? அரை நிமிஷம். அதற்குள் மனுஷன் எதைத்தான் யோசிப்பான்?

'வாதி தரப்பில் ஆஜர் இல்லை. தள்ளுபடி.' தடை போயிற்று.

அதே பதினோராம் தேதி, அய்யா மக்களவையில் எட்டு நிமிஷம் பேசினார். நிலமில்லாதவர் குடியிருப்பு பற்றி. மறுநாள் பேப்பரில் படத்தோடு வந்தது. 'குடிசைக்காரனுக்குப் பத்திரம் அவன் முதுகில் இருக்கிறது' என்று பேசியிருந்தார். அருமையான பேச்சு. அந்தப் பேப்பரை வைத்திருக்கிறேன், படத்திறப்புக்கு மலர் போடுவதானால் தருகிறேன்.

பதின்மூன்றாம் தேதி விடியும் முன்னே மில் ஆட்கள் கடப்பாரையோடு வந்தார்கள். கூடவே போலீஸ். மத்தியானத்துக்குள் முப்பத்தெட்டும் தரை. நான் போய்ப் பார்க்கவில்லை. ஆபீசில் வேலை இருந்தது. சனத்தைச் சந்தைக் கொட்டகையில் கொண்டுபோய் வைத்தார்கள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. இரண்டு பிள்ளைகள் வாந்திபேதியில் போயிற்று. ஒன்று சீனியம்மாளுடையது, ஆண்பிள்ளை, நாலு வயசு. அந்த மழையில் ஊரெல்லாம்தான் வாந்திபேதி. ஆஸ்பத்திரிக் கணக்கை எடுத்துப் பாருங்கள்.

அய்யா தந்தி கண்டு ஓடிவந்தார். நான் ஸ்டேஷனுக்குப் போனேன். வீட்டுக்குக்கூடப் போகவில்லை, நேரே சந்தைக் கொட்டகைக்கு விடச் சொன்னார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால். சீனியம்மாள் எழுந்திருக்கவில்லை. பிள்ளையை அடக்கம் செய்து இரண்டு நாள். அழவும் இல்லை. உட்கார்ந்தபடியே கேட்டாள்.

"ஒரு கையெழுத்துத்தானே கேட்டோம். உங்களுக்கு என்னய்யா குறஞ்சிருக்கும்?"

அய்யா அவளைப் பார்த்தார். அப்புறம் திரும்பி என்னைப் பார்த்தார். நான் பெட்டியைக் கீழே வைக்கவில்லை, கையில்தான் வைத்திருந்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். அவளிடம் திரும்பினார்.

"எனக்கு நேரம் ஒழியலைம்மா. என் தப்புதான்" என்றார்.

பாருங்கள். அதுதான் அவர். அத்தனை சனம் முன்னால் தன் ஆபீசை விட்டுக்கொடுக்கவில்லை. குமாஸ்தா மேல் சாட்டியிருந்தால் ஒரு நிமிஷ வேலை. சாட்டவில்லை. அதற்கப்புறம் இருந்த அத்தனை வருஷத்திலும் அதைப் பற்றி ஒரு வார்த்தை என்னைக் கேட்டதில்லை. அவ்வளவு நம்பிக்கை என் மேல்.

அவரே மனுப் போட்டார், அவரே நின்று வாதாடினார். வழக்கை மறுபடி கோப்பில் ஏற்றினார்கள். வழக்கு உயிரோடு வந்தது, வீடு வரவில்லை. மில்காரன் சுற்றுச் சுவர் எழுப்பிவிட்டான். சனம் ஒவ்வொன்றாகத் திருப்பூர், கேரளா என்று போயிற்று. கடைசியில் சீனியம்மாள் ஒருத்திதான் கோர்ட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். பதினாலு வருஷம் கழித்துத் தோற்றது.

அடுத்த தேர்தலில் கட்சி கூப்பிட்டது. நிற்க மாட்டேன் என்றுவிட்டார். உடம்பு சரியில்லை என்று எழுதுங்கள். பதவிக் காலம் முடிந்து திரும்பி வந்து பழையபடி ஆபீஸ் திறந்தார். ஆனால் என்னைச் சிரமப்படுத்தவில்லை. அலமாரிச் சாவியை வாங்கித் தன் இடுப்புக் கயிற்றில் கட்டிக்கொண்டார். கட்டையெல்லாம் தானே பிரித்துத் தானே படித்தார். நான் வாசிக்கட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று கையைக் காட்டுவார். எனக்குக் கண் மங்க ஆரம்பித்திருந்தது, அது அவருக்குத் தெரிந்திருக்கிறது. தபாலைக்கூடத் தபால்காரனிடம் தானே வாங்குவார். வேலையை விட்டுப் போ என்று மட்டும் ஒரு நாளும் சொன்னதில்லை. நான் காலையில் வருவேன், உட்காருவேன், சாயங்காலம் போவேன். இந்தக் காலத்தில் எந்த முதலாளி அப்படி வைத்திருப்பான்?

கடைசி மூன்று வருஷம் படுக்கை. வெள்ளிக்கிழமைதோறும் போய்ப் பார்ப்பேன். நான் உள்ளே நுழைந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பித் தூங்கிவிடுவார். அவர் மகள் சொல்லும், இப்போதுவரை பேசிக்கொண்டுதான் இருந்தார் மாமா என்று. என்னைப் பார்த்தால் அப்படி ஒரு நிம்மதி. ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வருவேன்.

அவ்வளவுதான். குறிப்பு போதுமா?

என்ன? நான் சொன்னதை வாக்குமூலமாக எழுதிக் கையெழுத்து வாங்கினால் செயற்குழு ஏற்றுக்கொள்ளுமா? அவர் பேரில் தவறில்லை என்று ஆகிவிடுமா? படம் மாட்டுவார்களா?

அப்படியென்றால் எழுதுங்கள். எனக்கு என்ன? நாலாம் தேதி வந்தது என்று எழுதுங்கள். ரிஜிஸ்டர் கவர் உள்ளே டிரங்குப் பெட்டியில் இருக்கிறது, முத்திரையோடு. எடுத்துத் தருகிறேன், இணைத்துக்கொள்ளுங்கள். சீனியம்மாளிடமும் ஒரு நகல் கொடுங்கள். அவர் கையெழுத்தை அவள் பார்க்கட்டும். பார்த்தால் வாயை மூடிக்கொள்வாள்.

எழுதியாயிற்றா? இப்படித் தள்ளுங்கள். கண்ணாடி எங்கே. ம்.

இது என்ன, இந்த வரி. 'மேற்படி வக்காலத்தை நான் மறைத்துவிட்டேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். நான் எங்கே அப்படிச் சொன்னேன்? மறைக்கவில்லை. பத்திரமாக வைத்திருந்தேன். அதை அடித்துவிட்டு இதை எழுதுங்கள். அடித்த இடத்தில் நீங்கள் ஒரு சின்னக் கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் செல்லாது.

போட்டாயிற்றா? பேனாவைக் கொடுங்கள்.